மொச்சை மோகினிக்கு எழுதிய வசனம்

1

இந்தக் கதை ஒரு குசுவில் தொடங்கியது. மன்னிக்க வேண்டும், வேறு சொற்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ‘வாயு’ என்று எழுதினால் மருந்துக்கடை நோட்டீஸ் ஆகிவிடுகிறது. ‘காற்றுப் பிரிதல்’ என்று எழுதினால் என் மனைவி அஃப்சானா சிரிக்கிறாள். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. என் பெயர் அனீஸ். சிறுகதைகள் எழுதுவேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன, வந்தது யாருக்கும் தெரியாது. ஒருநாள் கலைவாணன் கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது சினிமா டைரக்டர். கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

“பாய், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே? நான் ஒரு பேய்ப்படம் எடுக்கறேன். காமெடிப் பேய். வசனம் எழுதித் தரணுங்க.”

“பேய் என்ன பேசும்?”

“அதிகமாப் பேசாதுங்க. விடும்.”

படத்தின் பெயர் ‘மொச்சை மோகினி’. மொச்சைக் குழம்பில் விஷம் வைத்துக் கொல்லப்பட்ட ஒரு பெண் பேயாக வருகிறாள். அவளுடைய ஆயுதம் என்ன என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வில்லன்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டு விழுகிறார்கள். பேயோட்ட வரும் மந்திரவாதி மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டு வருகிறார். இடைவேளைக்குப் பிறகு கிளிப் உடைகிறது. அதுதான் திருப்பம்.

நான் ஒப்புக்கொண்டேன். ஏன் என்று இலக்கிய நண்பர்கள் கேட்டார்கள். பொய் சொன்னேன். உண்மை என்னவென்றால் இந்த வகைப் படங்கள் எனக்குப் பிடிக்கும்.

[இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை வருகிறது. கதை வேண்டும் என்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.]

மரியாதையான பேய்ப்படத்தில் அநியாயமாகச் செத்த பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? வெள்ளைச் சேலை, விரித்த தலை, ஒரு சோகப் பாட்டு. கேலிப் பேய்ப்படத்தில் அவள் சாப்பிடுகிறாள், ஏப்பம் விடுகிறாள், குண்டாக இருக்கிறாள், ஊர்ப் பெரிய மனிதரை வாடா போடா என்கிறாள். எந்த நல்ல படமும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சுதந்திரம் தந்து நான் பார்த்ததில்லை. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுக்க யாரையாவது பார்த்துப் பயந்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் கண்ணெதிரே, பயமுறுத்த வேண்டியது வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுகிறது. அதற்கு விசில் அடிக்காமல் வேறு எதற்கு அடிப்பார்கள்?

இந்தப் படங்களுக்கு எல்லை உண்டு. அதை நான் கட்டுரை எழுதிக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பெண் கடைக்கு வந்து சொல்லித்தான் தெரிந்தது. அவளிடம் போக வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று:

‘தொப்பூர் கணவாயில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் தனியாக நின்று—’

விட்டுவிட்டேன். நடந்தது ஏப்ரல் மாதம், மதியம். தொப்பூரில் அப்போது இறங்கிக்கொண்டிருந்தவை லாரிகள் மட்டும்தான். பனிக்குப் பதில் டீசல் புகையும் சூடேறிய பிரேக்கின் வாடையும் இருந்தன.

தொடக்கம் இரண்டு:

‘கோகிலவாணியின் கணவன் குரு அந்த வளைவில் லாரி கவிழ்ந்து இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அதே வளைவில் இன்று அவள் பேய் வேடம்—’

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அஃப்சானா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“அந்த ஆளை ஏன் கொன்னீங்க?”

“கதைக்கு ஒரு கனம் வேணும்.”

“கனம் வேணும்னா நீங்க செத்துப்போங்க. அந்த மனுஷன் பாட்டுக்கு லோடு ஏத்திக்கிட்டு நல்லாத்தானே இருக்கார்?”*

*எங்கள் வீட்டில் பேசுவது உருது. இங்கே தமிழில் தருகிறேன். உருதுவில் இதைவிடக் கடுமையாக இருந்தது.

அவள் சொன்னது சரி. குரு உயிரோடு இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மாரண்டஹள்ளியில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு தருமபுரி வழியாகத் தொப்பூர் இறங்கி மதுரை போகிறான். அவன் உயிரோடு இருப்பதுதான் இந்தக் கதையின் பிரச்சினையே. செத்தவனைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

3

கோகிலவாணியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவள் இல்லாமல் இல்லை, நன்றாகவே இருக்கிறாள். அவளை நான் சரியாக எழுதுகிறேனா என்பதுதான் சந்தேகம். அவளைப் பற்றி ஒவ்வொரு வரி எழுதும்போதும் பேனா தானாகச் சோகத்தின் பக்கம் சாய்கிறது. அவளோ சோகமான பெண் கிடையாது.

தொப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் சமையல் செய்கிறாள். மோகினியாக நடிக்க வந்த சென்னைப் பெண் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். கலைவாணனும் ஆட்களும் தலையில் கைவைத்துக்கொண்டு அந்த ஓட்டலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சமையல்கட்டில் ஒரு குரல் கேட்டது. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்ன ஒருவனை அது வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கலைவாணன் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினார்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெயர் வரக்கூடாது, வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது.

“பின்ன எதுக்கும்மா நடிக்கிறீங்க?” என்று நான் கேட்டேன். வறுமை, குழந்தையின் படிப்பு, அப்படி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

“என்னப் பாத்து ஒரு நாளாச்சும் நாலு பேரு பயப்படணும் பாய்” என்றாள்.

அவள் சொல்லை வீட்டில் குரு கேட்பதில்லை. எல்லாச் சொல்லையும் இல்லை, ஒரே ஒரு சொல்லை. தொப்பூர் இறக்கத்தில் லாரிக்காரர்கள் பலர் கியரை எடுத்துவிட்டு நியூட்டரில் உருட்டுகிறார்கள். வண்டி தன் பாரத்திலேயே உருண்டு இறங்கும், டீசல் மிச்சமாகும். ஆனால் அத்தனை பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். தாங்கித் தாங்கிச் சூடாகி, கீழ் வளைவு வரும்போது பிடிக்காமல் போகும். அதற்குப் பிறகு நடப்பதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நியூட்டரில் இறங்காதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், மைக்கில் சொல்கிறார்கள்.

கோகிலவாணியும் கல்யாணம் ஆன நாளிலிருந்து, பதினோரு வருடமாகச் சொல்கிறாள்.

“கியர்ல எறங்குங்க.”

“எனக்குத் தெரியாத ரோடா? நீ போயி உன் குழம்பப் பாரு.”

விபத்து நடந்த வண்டிகளிலிருந்து ஆட்களை இறக்கி அவள் ஓட்டல் வாசலில்தான் படுக்க வைப்பார்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அவள். ஒவ்வொரு முறையும் அடிபட்டவரின் முகத்தைத் திருப்பி, குரு இல்லை என்று பார்க்கும்வரை அவளுக்கு உயிர் இருக்காது. இதைச் சொல்லும்போதும் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

4

இரவில் எடுக்க விளக்கு இல்லாததால் பேய்க் காட்சிகளை எல்லாம் பகலிலேயே எடுத்தோம். நீல நிறத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ராத்திரி ஆகிவிடும் என்றார் கலைவாணன். முகத்தில் பூசிய அரிசிமாவு வெயிலில் காய்ந்து வெடித்தது. மேக்கப்மேனால் இவ்வளவு நன்றாக வெடிப்பு வரவைத்திருக்க முடியாது.

இரண்டாம் நாள் சாப்பாட்டு இடைவேளை. கோகிலவாணி வேடத்தைக் கலைக்காமல் வளைவில் இருந்த கட்டைச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு தயிர்சோறு சாப்பிட்டாள். மேலே முழுக்க வெள்ளை, விரித்த தலை, வாயோரம் தயிர். இடுப்புக்குக் கீழே சுவர்.

மேலிருந்து ஒரு லாரி சத்தமில்லாமல் உருண்டு வந்தது. டிரைவர் பார்த்தார். பேயைப் பார்க்கிற ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத் தேடுவார். கால் இல்லை. அவ்வளவுதான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, இரண்டாவது கியரில் விழுந்து, முக்கி முனகிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனது. பின்னால் வந்ததும் அப்படியே. அதன் பின்னால் வந்ததும்.

(பட்டப்பகலில் பேயா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “ராத்திரியில வந்தா கண்ணு ஏமாத்துதுன்னு நெனச்சுக்கலாம். பகல்லயே வருதுன்னா அது எவ்ளோ பெருசு?” என்றார் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர்.)

மூன்றாம் நாள் சுவர்மீது எலுமிச்சம்பழங்கள் இருந்தன. நான்காம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழம், வளையல், யாரோ வைத்த வெற்றிலைபாக்கு. எலுமிச்சையைப் பிழிந்து படக்குழுவுக்கு ஜூஸ் போட்டோம். வெயிலுக்கு இதமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை குருவின் லாரி வந்தது. கோகிலவாணி தூரத்திலேயே வண்டியை அடையாளம் கண்டு, தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுத் தயிர்சோற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லாரி முனகியது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவள் கணவன் கியரில் இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து திரும்பியவன் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தானாம்.

“கோகிலா, தொப்பூர்ல ஒண்ணப் பாத்தேன்.”

“என்னத்தங்க?”

“சொன்னா நம்ப மாட்ட. பொம்பள. காலே இல்ல. மூஞ்சி வெடிச்சுக் கெடக்குது. என்னமோ பச்ச மாமிசம் தின்னுக்கிட்டு இருந்துச்சு.”

“அய்யய்யோ. அப்பறம்?”

“அப்பறம் என்ன, ரெண்டாவது கியரப் போட்டு எறங்கிட்டேன். இனிமே நான் அந்த எடத்துல நியூட்டர் போட மாட்டேன் சாமி.”

அவள் காதோரம் ஒட்டியிருந்த மாவைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவனுக்கு ரசம் ஊற்றினாளாம். அன்றைக்குத்தான் கல்யாணம் ஆனதுபோல இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

படப்பிடிப்பு பன்னிரண்டாம் நாள் முடிந்தது. அவள் முடிக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மதியம் ஓட்டலில் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு, அரிசிமாவைக் கரைத்துப் பூசி, சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். குரு வருவான், முனகிக்கொண்டு இறங்குவான். இவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் இட்லிக்கு மாவு ஆட்டுவாள்.

5

டப்பிங் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அவள் என் கடைக்கு வந்தாள். கண்ணாடி வாங்க என்று நினைத்தேன்.

“பாய், படம் வந்துட்டா அவருக்குத் தெரிஞ்சிருமே.”

“தெரியாதும்மா. உங்க மூஞ்சியில அவ்ளோ மாவு.”

“என் மூஞ்சிய வுடுங்க. அந்தப் பேயி பயமில்லன்னு தெரிஞ்சிருமே.”

நான் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

“தியேட்டர்ல எல்லாரும் சிரிப்பாங்க. வாட்ஸப்ல அனுப்புவாங்க. அப்பறம் நான் அங்க நின்னா வண்டிய நிறுத்தி செல்ஃபிதான் எடுப்பாங்க. அவரு பழையபடி நியூட்டர்ல வுடுவாரு” என்றாள். “ஒரே ஒரு எடத்துல பயமா எழுதுங்க பாய். ஒரு எடம் போதும்.”

ஒரு பேய் தன் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி எழுத்தாளனிடம் வந்து நிற்பது இலக்கிய வரலாற்றில் எத்தனை முறை நடந்திருக்கும் என்று தெரியவில்லை. நான் வாக்குக் கொடுத்தேன்.

கலைவாணனிடம் கெஞ்சி ஒரு காட்சி வாங்கினேன், அதற்கென்று இன்னும் அரை நாள் படம் பிடித்தார். எல்லாக் கூத்தும் நின்றுவிடும். பின்னணி இசை கிடையாது. மோகினி சாலை நடுவில் தனியாக நின்று கேமராவைப் பார்த்து ஒரே ஒரு வசனம் பேசுவாள். “கியர்ல எறங்குடா.”

வீட்டில் அவள் கணவனை ‘எறங்குங்க’ என்றுதான் சொல்ல முடியும். ‘டா’ போடப் பேய்க்குத்தான் உரிமை. இந்த உரிமையைத் தந்தது இந்த மட்டமான படம்தான், அதை மறுக்க மாட்டேன்.

டப்பிங்கில் அவள் மைக் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னாள். பதினோரு வருடமும் அந்தக் குரலில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சவுண்டு என்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கலைவாணன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

“பாய்! இதான் பாய் ட்ரெய்லரு!”

வசனத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் சேர்த்தார். எந்தச் சத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் எல்லை இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆட்களைச் சிரிக்கப் பழக்கிவிட்டால் பிறகு நீங்கள் எவ்வளவு உண்மையாகப் பேசினாலும் அதற்கும் சிரிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இந்தப் படங்கள் பயத்தைக் கொல்வதில் கெட்டிக்காரப் படங்கள். எந்தப் பயத்தை விட்டுவைக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தம் வந்தபோது நானும் சிரித்தேன். கோகிலவாணி என்னைப் பார்த்தாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

ட்ரெய்லர் வெளிவந்தது. இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: குரு ட்ரெய்லரைப் பார்க்கிறான். மனைவியின் குரலை அறிகிறான். கண் கலங்க வீட்டுக்கு ஓடி வந்து அவள் கையைப் பிடித்து, ‘இனிமேல் கியரில்தான்—’

“எந்த டிரைவரு இப்படிப் பேசுவார்? நீங்க யாரையாச்சும் பாத்திருக்கீங்களா?” என்றாள் அஃப்சானா. விட்டுவிட்டேன்.

முடிவு இரண்டு: வசனம் பிரபலமாகிறது. டீக்கடையில், மண்டியில், எதிரெதிர் லாரிகளில் எல்லோரும் ‘கியர்ல எறங்குடா’ என்று கத்துகிறார்கள். கத்திக் கத்தி அப்படியே இறங்கவும் பழகிவிடுகிறார்கள். வளைவில் மொச்சை மோகினிக்கு இருபது அடி கட்அவுட் வைத்து மாலை போடுகிறார்கள். திறந்துவைக்கக் கலைவாணன் வருகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. நடக்கவும் கூடும். ஆனால் இதை எழுதினால் என் மேல் உள்ள பழியை நானே துடைத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

முடிவு மூன்று: ‘வெள்ளிக்கிழமை மதியம், பிரேக் சூடாகி—’

இதை எழுத மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாரண்டஹள்ளி மண்டியில் இன்னொரு டிரைவரின் போனில் குரு ட்ரெய்லரைப் பார்த்திருக்கிறான். முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தானாம். இன்னொரு தரம் போடச் சொன்னானாம். மூன்றாம் தரம் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை மாரண்டஹள்ளி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, அவளைப் பார்க்காமல் கேட்டிருக்கிறான்.

“இன்னிக்கும் நிப்பியா?”

கோகிலவாணி எனக்குப் போன் செய்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது பாய். மாவு தீந்துருச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.” பின்னணியில் ஓட்டல் பாத்திரச் சத்தம் கேட்டது. “நீங்க கொஞ்சம் வர்றீங்களா? எனக்குப் பயமா இருக்குது.”

கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

7

மணி மூன்று. கோகிலவாணி ஓட்டலில் உடுத்தும் பூப்போட்ட சேலையில், முகம் கழுவி, கொண்டை போட்டுக்கொண்டு, சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறாள். நான் சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கிறேன். இறங்கும் லாரிக்காரர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண்ணை யார் பார்க்கிறார்கள்?

இந்த ஒன்றரை மாதத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. லாரி கியரில் இறங்குகிறதா நியூட்டரில் இறங்குகிறதா என்று அறியப் பார்க்க வேண்டியதில்லை, காது போதும். நியூட்டரில் வருகிற வண்டியில் டயர் உரசும் சத்தம் மட்டும்தான் இருக்கும். ஏதோ சும்மா போகிற காற்று என்று நினைப்பீர்கள். கியரில் வருகிற வண்டி அடிவயிற்றிலிருந்து முக்கி, உறுமி, மலையே கேட்கும்படி வரும்.

மேல் வளைவில் குருவின் லாரி திரும்பிவிட்டது. தார்ப்பாயும் தக்காளிப் பெட்டிகளும் தெரிகின்றன. கோகிலவாணி கையை உயர்த்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுக்கிறாள்.

அன்றைக்கு என்ன சத்தம் கேட்டது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவள் கேட்டபோது ஒரே ஒரு இடத்தில் என்னால் சரியாக எழுத முடியவில்லை. இந்த இடத்தை நான் தொடப்போவதில்லை. அந்த லாரியை இங்கேயே, மேல் வளைவுக்கும் அவளுக்கும் நடுவில், உங்களிடம் விடுகிறேன்.

சத்தத்தை நீங்கள் போடுங்கள். வாயால்தான். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாலும், பக்கத்தில் மாமியார் இருந்தாலும் பரவாயில்லை. வெட்கப்பட்டு மெதுவாகப் போட்டுவிடாதீர்கள். மெதுவாகப் போட்டால் அது நியூட்டர்.